சங்கீதம் பயின்ற கண்கள்

1929ஆம் ஆண்டிலே, வெள்ளவத்தையில் கடற்கரையை ஒட்டியிருந்த சிறிய பங்களா ஒன்றுக்கு, வாரந்தோறும் ஒரு சைக்கிள்காரர் சாக்கு நிறையப் புத்தகங்களைச் சுமந்துவந்து இறக்கிவைத்துவிட்டுப் போவது வழக்கமாயிருந்தது. அந்தப் பங்களாவிலே ஏறக்குறையத் தன்னந்தனியராய் வாழ்ந்துகொண்டிருந்தவர், சிலி நாட்டின் கொன்சலாகக் கொழும்புக்கு வந்திருந்த பாப்லோ நெருடா என்னும் இளங்கவிஞர். பிற்காலத்தில், 1971இல், இலக்கியத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற அவர், தமது சுயசரிதையிலே கொழும்பு வாசத்தை விவரிக்கப் புகுந்தபோது, அப்புத்தகங்களை அனுப்பிவைத்த நண்பரை நன்றியோடு நினைவுகூர்ந்து, இந்நகரத்தின் கலை வாழ்வுக்கே அவர்தாம் நடுநாயகமாய் விளங்கினார் என்ற கருத்துப்பட எழுதிவைத்தார்.

அதே சுயசரிதையில், தமது வீட்டுக் கழிவுவாளியை அகற்ற வந்த தமிழ்ப் பெண்ணொருத்திக்குத் தாம் இழைத்த கொடுமையையும் நெருடா தம் வாயாலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார். வெள்ளவத்தையிலே வாழுகின்ற நாம் அந்தக் கவிஞரின் பெயரை எடுக்கும்போதெல்லாம், பெயர்கூட எங்கும் பதியப்படாத அந்தப் பெண்ணையும் சேர்த்து நினைக்கக் கடமைப்பட்டவர்கள் என்பது என் உறுதியான அபிப்பிராயம். இக்கட்டுரை நெருடாவைப்பற்றியதன்று, புத்தகங்களை அனுப்பிய அந்த மனிதரைப்பற்றியது.

அவர் லயனல் வென்ட். இந்தப் பெயரைக் கேட்டிராத கொழும்புத் தமிழர் மிகச் சிலரே இருப்பர். கறுவாத்தோட்டத்தின் கில்போர்ட் கிரசன்ட்டில் உள்ள நாடக அரங்கைத் தெரியாதவர் யார்? மகளின் நாட்டிய அரங்கேற்றத்துக்கு நாள் குறிக்கும் வீடுகளில், கொட்டாஞ்சேனையாயினும் வெள்ளவத்தையாயினும், வென்ட் மண்டபம் கிடைக்குமா என்ற விசாரணை இன்றும் எழுவதுண்டு. ஆனால் மண்டபத்தின் பெயர் அறியப்பட்டிருக்கும் அளவுக்கு மனிதர் அறியப்படவில்லை. டிசம்பர் மாதம் அவரை நினைப்பதற்கு உரியது: 1900 டிசம்பர் 3ஆம் திகதி பிறந்தவர், 1944 டிசம்பர் 19ஆம் திகதி மறைந்தவர், அவர் வாழ்ந்த வீடு இருந்த நிலத்தில் எழுந்த அரங்கு திறந்துவைக்கப்பட்டது 1953 டிசம்பர் 12ஆம் திகதி.

சட்டம் பயின்று சட்டத்தரணியானவர். பியானோ வாத்தியத்தை முறையாக அப்பியாசித்துக் கச்சேரி செய்தவர். நிழற்படக் கலையிலே இத்தீவு கண்ட பெரும் சாதனையாளர். உலகப் புகழ்பெற்ற ஒரு திரைப்படத்துக்குக் குரல் கொடுத்தவர். ஓவியர்கள் பலரை ஒன்றுதிரட்டி ஒரு குழுவாக நிற்கச் செய்தவர். இவ்வாறு அடுக்கிச் சொல்லும்போது, கேட்பவருக்கு ஓர் ஐயம் எழுவது இயல்பு. பல கலைகளிலே கைவைத்தவர் ஒன்றிலேனும் ஆழம் கண்டிருப்பாரோ என்று நம்முடைய வித்துவான்களும் ஐயுற்றே வந்திருக்கின்றனர். அந்த ஐயத்திலே நியாயமும் உண்டு. வென்ட்டின் விசேஷம் யாதெனில், ஒரு கலையிலே கடுமையான சாதகத்தால் அடைந்த நியமத்தை இன்னொரு கலைக்குள்ளே கொண்டுபோய், அங்கே அதனைப் புதிய கண்ணாகவே மாற்றிக்கொண்டமைதான். அவருடைய நிழற்படங்களைப் பார்க்கும் ஒருவர், சங்கீதம் பயின்ற ஒருவரின் கண்கள் பார்த்த பார்வை இது என்பதை, யாரும் சொல்லாமலே உணர்ந்துகொள்ளலாம்.

கமரா அவருக்குப் புதிய பொருளன்று. பிறந்த வீட்டிலேயே இருந்தது. அவருடைய தந்தை ஹென்றி லொரன்ஸ் வென்ட், உயர்நீதிமன்ற நீதியரசராயிருந்த பறங்கியர். 1906இல் தோன்றிய இலங்கை நிழற்பட ஆர்வலர் சங்கத்தின் தொடக்க உறுப்பினர்களில் ஒருவர். தாயார் சிங்களக் குடும்பத்தவர். சிறுவன் கல்வி கற்றது சென்ற் தோமஸ் கல்லூரியில். இன்று கல்கிசையில் உள்ள அக்கல்லூரி 1918வரையில், கொட்டாஞ்சேனைக்கு அடுத்த முகத்துவாரத்திலே இருந்தது என்பதை இன்றைய தலைமுறையினர் பலர் அறியார். பதினொரு வயதுக்குள் தந்தையையும், பதினெட்டு வயதுக்குள் தாயையும் இழந்த அவ்விளைஞர், 1919இல் கப்பலேறி இலண்டன் சென்றார். குடும்ப மரபை அநுசரித்து இன்னர் டெம்பிளிலே சட்டம் படித்தார். தம் உள்ளத்தின் கட்டளைக்கு அடங்கி, ரோயல் அக்கடமி ஒப் மியூசிக்கிலே ஒஸ்கார் பெரிங்கர் என்னும் ஆசிரியரிடம் பியானோ பயின்றார். 1924இல் திரும்பிவந்தபோது அவரிடம் இரண்டு தகுதிகள் இருந்தன. அவற்றுள் சட்டத்தை விரைவிலேயே கைவிட்டுவிட்டார். பரம்பரைச் சொத்து இருந்தமையால் அவருக்கு அது சாத்தியமாயிற்று என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். நம்மில் எத்தனையோ பேருக்கு வழக்கறிஞர் அங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு வாத்தியத்தின் முன்னால் உட்காரும் சுதந்திரம் வாய்ப்பதில்லை. ஆனால் அந்தச் சுதந்திரம் வாய்த்த எத்தனையோ பேர் அதைக் குதிரைப் பந்தயத் திடலிலே செலவிட்டார்கள் என்பதும் கொழும்பின் சரித்திரமே.

அக்காலத்துக் கொழும்பிலே மேனாட்டுச் சங்கீதம் என்றால், ஆங்கிலேய உத்தியோகத்தரின் மாலைப்பொழுதுக்கு இதமளிக்கும் பழகிய மெட்டுகள் என்றே பொருள்பட்டது. வென்ட் அதனோடு நின்றுவிடவில்லை. ஐரோப்பாவிலே அப்போதுதான் எழுந்துகொண்டிருந்த புதிய இசையைக் கொழும்புச் சபைகளுக்குக் கொண்டுவந்து வாசித்தார். இலண்டனிலிருந்து கப்பல் தவறாமல் வந்துசேரும் நூல்களும் சஞ்சிகைகளும் இசைத்தட்டுகளும் அவருடைய வீட்டை ஒரு தனிச் சர்வகலாசாலையாக்கின. ஜோர்ஜ் கீற், ஜெப்ரி பீலிங் ஆகிய இளம் ஓவியர்களுக்கு அவ்வீட்டின் கதவு எப்போதும் திறந்திருந்தது. சித்திரக்கலைப் பரிசோதகராக 1920இல் இங்கு வந்த சி. எப். வின்சர் என்னும் ஆங்கிலேயர், அந்த இளைஞர்களிடம் புதுமையின் வித்தை ஊன்றியவர். அதே வின்சரின் பெயரால் யாழ்ப்பாணத்திலும் ஓர் ஓவியக் கழகம், எஸ். ஆர். கனகசபை என்னும் சித்திர ஆசிரியரின் முயற்சியால் 1930களின் இறுதியிலே தோன்றியது. கொழும்பிலே நடந்த இந்தக் கலை மறுமலர்ச்சியைச் சிங்களவர்க்கும் பறங்கியர்க்கும் மட்டுமே உரியதாகக் கருதி நாம் ஒதுங்கிநிற்பதற்கு நியாயமில்லை. அதன் ஒரு கிளை நம் வாசலிலும் படர்ந்தது.

1930களின் தொடக்கத்திலே வென்ட் கமராவைத் தீவிரமாகக் கையில் எடுத்தார். முதலில் ரோலிஃபிளெக்ஸ், பின்னர் லைக்கா. ரோலிஃபிளெக்ஸ் கமராவை அறிந்தவர்களுக்குத் தெரியும்: அதை மார்புக்குக் கீழே தாங்கிப்பிடித்து, குனிந்து, மேலேயுள்ள கண்ணாடித் தகட்டிலே சதுரமாகத் தெரியும் பிம்பத்தைப் பார்க்கவேண்டும், அந்தப் பிம்பமும் இடம்வலமாய் மாறித் தோன்றும். பழகிய உலகம் அங்கே சற்று அந்நியப்பட்டு, மனிதரும் மரமும் கடலும் வெறும் வடிவங்களாகி, இருளும் ஒளியுமாகப் பிரிந்துநிற்கும். இலக்கியம்போலக் கதைசொல்லும் படத்தைத் தேடுபவருக்கு இது ஓர் இடையூறு. ஸ்வரங்களின் உறவையே பல்லாண்டுகள் உபாசித்த ஒருவருக்கோ இது தெரிந்த பாஷை. மீனவர் இருவர் வலையை இழுக்கும் காட்சியிலே அவருக்கு முதலில் தென்பட்டது கயிற்றின் கோடும், முதுகுகளின் வளைவும், அவ்விரண்டுக்கும் இடையே கிடந்த வெறுமையுமாக இருந்திருக்கவேண்டும். அவருடைய படங்களிலே வெறுமை என்பது விடுபட்டுப்போன இடமாகத் தோன்றுவதில்லை. மிருதங்க வித்துவான் ஒருவர் வேண்டுமென்றே ஓர் அட்சரத்தை வாசிக்காமல் விடும்போது சபை முழுவதும் அந்த மௌனத்தைக் கேட்கிறதே, அதைப்போல அந்த வெறுமையை நாம் காண்கிறோம்.

சங்கீதத்துக்கும் நிழற்படத்துக்கும் இடையே இப்படி ஒரு பாதை உண்டென்பதை அதே தலைமுறையில் கண்டறிந்த இன்னொருவர், அமெரிக்காவின் அன்செல் அடம்ஸ். 1902இல் பிறந்த அவரும் இளமையில் பியானோக் கலைஞராகவே வாழ எண்ணிப் பயின்றவர். நெகட்டிவ் என்பது இசைக்குறிப்பைப் போன்றதென்றும், அதிலிருந்து தாளில் எடுக்கும் பிரதியே கச்சேரியைப் போன்றதென்றும் அவர் கருதினார். ஒரே கீர்த்தனையை இரண்டு வித்துவான்கள் பாடும்போது இரண்டு அநுபவங்கள் பிறக்கின்றனவல்லவா? கமராவின் பொத்தானை அழுத்தும் கணத்திலேயே படம் முடிந்துவிட்டதாக நினைப்பவர்களுக்கு இந்த உண்மை புலப்படுவதில்லை. அடம்ஸ் மலைகளின் கம்பீரத்தைத் தேடிப் போனார். வென்ட் மனித தேகத்தையும் அதன்மீது விழும் வெயிலையும் நாடினார். இருவருக்கும் பொதுவாயிருந்தது, வாத்தியத்தின் முன் நாள்தோறும் மணிக்கணக்காய் உட்கார்ந்து பழகிய பொறுமை.

அந்தப் பொறுமையின் களம் இருட்டறை. வென்ட் தம்முடைய பிரதிகளைத் தாமே பதித்தார். சோலரைசேஷன் என்னும் முறையை அவர் விரும்பிக் கையாண்டார். பிம்பம் இரசாயனத் திரவத்திலே பாதி துலங்கி வரும்போது, ஒரு கணம் விளக்கை ஏற்றி வெளிச்சம் படச்செய்து அணைத்துவிட்டால், ஒளிமிகுந்த பகுதிகள் கருமைகொள்ளத் தொடங்கும். இருளும் ஒளியும் சந்திக்கும் எல்லையிலே, சித்திரக்காரர் தூரிகையால் தீட்டியதுபோன்ற மெல்லிய கோடு ஒன்று தானாகவே தோன்றும். பாரிஸ் நகரத்தில் மான் ரே இதனைப் பிரசித்தப்படுத்தியிருந்தார். விளக்கு ஒரு நொடி கூடுதலாக எரிந்தால் படம் பாழ். ஒரு நொடி குறைந்தால் விளைவே இல்லை. பல நெகட்டிவ்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்து ஒரே படமாக்குவதையும், கமராவே இல்லாமல் தாளின்மீது பொருள்களை நேராக வைத்து ஒளிபாய்ச்சுவதையும் அவர் பரீட்சித்தார். இவற்றுள் சில இன்று பார்க்கையில் அக்காலத்து ஐரோப்பிய நாகரிகத்தின் எதிரொலியாகவே எனக்குத் தோன்றுகின்றன என்பதை ஒளிக்க விரும்பவில்லை. ஆனால் வித்தை எதுவும் செய்யாமல், தென்னங்கீற்றின் நிழல் ஓர் இளைஞனின் தோளில் விழுவதை மட்டும் அவர் பதித்த படங்களின்முன், ஐரோப்பாவும் இல்லை, நாகரிகமும் இல்லை, வெயில்தான் இருக்கிறது.

1934ஆம் ஆண்டு அவருடைய வாழ்விலே ஒரு திருப்பம். நண்பர்கள் சிலரோடு சேர்ந்து இலங்கை நிழற்படச் சங்கத்தை அவர் தோற்றுவித்தது அவ்வாண்டில். பேசில் ரைட் என்னும் இளம் ஆங்கிலேயர் கமராவோடு கொழும்பில் வந்து இறங்கியதும் அவ்வாண்டிலேதான். அவரை அனுப்பியது கலையார்வம் அன்று, வியாபாரம். இலங்கைத் தேயிலைப் பிரசார சபை, தன் தேயிலைக்கு விளம்பரமாகச் சில சிறு படங்களை வேண்டியிருந்தது. ஜோன் கிரியர்சன் என்னும் ஆவணப்பட முன்னோடி அந்தப் பொறுப்பை ரைட்டிடம் ஒப்படைத்தார். ரைட் இங்கே கண்டதும் கேட்டதும் அவருடைய மனத்தை மாற்றின. அவர் காணும்படி வழிகாட்டியவர்களுள் முதன்மையானவர் வென்ட். விளம்பரத்துக்கெனப் பதித்த காட்சிகள், புத்தர், கன்னித்தீவு, வணிகத்தின் குரல்கள், ஒரு தெய்வத்தின் ஆடை என்ற பொருள்படும் நான்கு பகுதிகளாக, ஏறக்குறைய நாற்பது நிமிடம் ஓடும் ஒரே படமாயின. ‘சோங் ஒப் சிலோன்’ என்ற அப்படம் 1935இல் பிரசல்ஸ் திரைப்பட விழாவிலே முதற்பரிசு பெற்றது.

அப்படத்தின் வர்ணனைக் குரல் வென்ட்டினுடையது. படிக்கப்பட்ட வாசகமோ, கண்டி இராச்சியத்திலே ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சிறைப்பட்டுக் கிடந்து தப்பியோடிய ரொபர்ட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1681இல் வெளியிட்ட நூலிலிருந்து எடுக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் காட்சியும் பதினேழாம் நூற்றாண்டின் சொல்லும் இணையும்போது, பார்ப்பவனுக்குக் காலம் என்பதே மயங்கிப்போகிறது. அக்குரலிலே உணர்ச்சிப் பெருக்கு இல்லை. விளம்பரக்காரரின் உற்சாகமும் இல்லை. பியானோவிலே ஒரு பெரிய இசைப்பகுதியின் ஆரம்பத்தை நிதானமாக எடுப்பவரின் காலப்பிரமாணம் அதிலே கேட்கிறது. சிவனொளிபாத மலைக்குப் படியேறும் யாத்திரிகர், மணியோசை ஒன்றிலே கலைந்து எழும் பறவை, பொலன்னறுவையின் கல்விகாரையிலே பிரமாண்டமாய்த் துயிலும் புத்தர் என வந்துகொண்டிருக்கும் காட்சிகளுக்கு அந்தக் குரல் சுருதியாய் நிற்கிறது. மூன்றாம் பகுதியிலோ, தென்னை ஏறும் மனிதனின் காட்சியின்மீது இலண்டன் வியாபாரிகளின் விலைவிபரங்களும் கடித வாசகங்களும் ஒலிக்கின்றன. விளம்பரத்துக்குக் காசு கொடுத்தவர்களின் பணத்திலேயே, அந்த வியாபாரத்தைப்பற்றிய ஒரு கேள்வியை எழுப்பிவிட்டார்கள் என்பது எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது.

தமிழ் வாசகருக்கு அப்படத்தின் முன்னே இன்னொரு நினைவும் எழும். தேயிலையைப் பயிராக்கியவர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர். நொக்ஸ் எழுதிய காலத்தில் அவர்கள் இங்கே இல்லை. ஆகவே நொக்ஸின் சொற்களால் அமைந்த வர்ணனையில் அவர்களுக்கு இடமும் இல்லை. அழகு மிகுந்த அப்படத்திலே மலைநாட்டுத் தமிழரின் வரலாற்றுக்கு ஒரு வாக்கியமேனும் கிடைக்காமற்போனது குறையே. நான் அப்படத்தை நேசிக்கிறேன்; குறையையும் சேர்த்தே சொல்கிறேன்.

வியாபார நோக்கத்தோடு ஒப்படைக்கப்பட்ட வேலையைக் கலையாக உயர்த்துவது, அப்படத்துக்குச் சற்றுப்பின் கல்கத்தாவிலும் நிகழ்ந்தது. 1943இல் டி. ஜே. கீமர் என்னும் விளம்பர நிறுவனத்தில் ஓவியராகச் சேர்ந்த சத்யஜித் ராய், புத்தக அட்டைகளை வரைந்து, பின் திரைப்படத்துக்குப் போய், எழுத்துருக்களையும் உருவாக்கி, தம் படங்களுக்குச் சங்கீதத்தையும் தாமே அமைத்தார். கொழும்பிலே பிறந்தவரும் தமிழ்த் தந்தையின் மகனுமான ஆனந்த குமாரசுவாமியோ, பல கலைகளை ஒன்றிணைப்பதில் இவர்களுக்கெல்லாம் முன்னோடி. மண்ணியல் விஞ்ஞானியான அவர், சிங்களக் கலை மரபைப்பற்றிய தமது பெருநூலை, 1907இலும் 1908இலும் இங்கிலாந்திலே தம் இல்லத்தில் இருந்த கையச்சுப் பொறியில், தம் மேற்பார்வையிலேயே 425 பிரதிகள் அச்சிட்டார். அச்சுப்பொறி வில்லியம் மொரிஸ் பயன்படுத்தியது. நூலுக்கான நிழற்படங்கள் பல, மனைவி எத்தெல் எடுத்தவை. எழுத்து, படம், தாள், அச்சு ஆகிய யாவும் ஒரே சிந்தையிலிருந்து எழுந்த அந்நூலைப் பார்த்தவர், வடிவமைப்பு என்பது பொருளின்மேல் பூசும் வர்ணம் என்று ஒருபோதும் சொல்லமாட்டார்.

வென்ட் பத்திரிகை உலகத்தையும் தொட்டார். லேக் ஹவுஸ் நிறுவனத்தோடு இணைந்து ‘சித்ராபோட்டோ’ என்னும் நிழற்பட நிலையத்தை நடத்தினார். 1938இல் லைக்கா கமராவைச் செய்யும் லைட்ஸ் நிறுவனத்தின் ஏற்பாட்டில், இலண்டனிலே அவருடைய படங்கள் தனிக் கண்காட்சியாக வைக்கப்பட்டன.

எனினும், அவருடைய ஆகப் பெரிய சிருஷ்டி அவர் எடுத்த படம் எதுவும் அன்று என்பேன். மற்றவர்கள் வரைந்த படங்களுக்கு அவர் தேடித்தந்த சுவரே அது. 1943 ஆகஸ்ட் 29ஆம் திகதி அவருடைய இல்லத்திலே ஓவியர் சிலர் கூடினர். ஹரி பீரிஸ், ஜோர்ஜ் கீற், ஜஸ்ரின் தெரணியகலை, ஐவன் பீரிஸ், ஜோர்ஜ் கிளாசன், றிச்சர்ட் கேப்ரியல், கேலிச்சித்திரக்காரரான ஒப்ரி கொலெற், விகாரைச் சுவரோவியங்களைப் பிரதிசெய்வதிலே ஆயுளைச் செலவிட்ட பிக்குவான மஞ்சுசிறி எனப் பலதிறப்பட்டவர்கள் சேர்ந்த அக்குழு, ‘43 குரூப்’ என்னும் பெயரைப் பெற்றது. யாழ்ப்பாணத்து எஸ். ஆர். கனகசபையின் பெயரும் அதனோடு சேர்ந்து வருகிறது. விக்டோரியா மகாராணி காலத்து ரசனையைப் பாதுகாத்துவந்த கலைச் சங்கத்தாரின் கண்காட்சிகளிலே இவர்களுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. ஆகவே அதே ஆண்டு நவம்பரில் தமக்கென ஒரு கண்காட்சியை நடத்தினார்கள். சென்னையிலே கே. சி. எஸ். பணிக்கர் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தோற்றுவித்தது அதற்கு அடுத்த ஆண்டில். யுத்தம் உலகத்தை எரித்துக்கொண்டிருந்த வேளையிலே, கடலின் இருகரைகளிலும், தம் மண்ணின் வடிவங்களைத் தம் கண்ணாலேயே பார்ப்போம் என்ற துணிவு எழுந்தது.

அக்குழுவினரின் ஓவியங்கள் ஒன்றையொன்று ஒத்தவை அல்ல. கீற்றின் கோடுகள் கீதகோவிந்தத்தின் சிருங்காரத்தில் நனைந்தவை. பொரளை கோதமி விகாரையின் சுவர்களில் அவர் தீட்டிய ஓவியங்களை இன்றும் காணலாம். மஞ்சுசிறியின் படங்களிலோ பழைய விகாரைச் சித்திரகாரரின் கை தெரிகிறது. ஒருவருக்கொருவர் பகையாகக்கூடிய இத்தனை மனோதர்மங்களை ஒரே சுவரிலே ஒத்திசையச் செய்வதற்கு, பல குரல்கள் ஒரே வேளையில் தனித்தனியே நடந்தும் முரண்படாதிருக்கும் மேனாட்டுச் சங்கீதத்தைப் பயின்றவர் ஒருவர் நடுவில் இருந்தது தற்செயலன்று.

அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். வயது நாற்பத்துநான்கு. அவருடைய நெகட்டிவ்கள் அவருடைய மறைவுக்குப்பின் அழிக்கப்பட்டன. எஞ்சியவை அவர் கையால் பதித்த பிரதிகளே. 1950இல் இலண்டனில் அவருடைய படங்கள் ஒரு நூலாக வெளிவந்தன. குழுவின் ஓவியங்கள் 1952இல் இலண்டனிலும், அடுத்த ஆண்டு பாரிஸிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. பின்னர் நெடுங்காலம் உலகம் அவரை மறந்திருந்தது. 2017இல் அம்ஸ்டர்டாம் நகரின் ஹாய்ஸ் மார்செய் நிழற்படக் காட்சியகம் அவருடைய படங்களுக்கெனவே ஒரு கண்காட்சியை நடத்தியபோது, ஐரோப்பிய இளைஞர்கள் அவரைப் புதியவராகக் கண்டு வியந்தனர்.

அவர்மீது கூறப்படும் குறைகளும் உண்டு. கிராமத்து உழைப்பாளியின் வெற்றுடம்பை அழகுப் பொருளாகக் கண்டவர், அவ்வுடம்பின் பசியைக் காணவில்லை என்பர். செல்வர் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்த இலங்கை அது என்பர். இக்குற்றச்சாட்டை முழுதும் தள்ளிவிட என்னால் இயலாது. ஆனால், உழைப்பவனுடைய முகத்தை ஒரு பிரபுவின் உருவப்படத்துக்கு உரிய மரியாதையோடு ஒளியமைத்துப் பதித்தவர் அக்காலத்தில் இங்கே வேறு யார்? குடியேற்றக்கால ஸ்டூடியோக்கள் அதே மனிதர்களைத் தபாலட்டை வேடிக்கையாக விற்றுக்கொண்டிருந்தன. வென்ட்டின் படத்திலே அவர்கள் நம்மை நேருக்குநேர் பார்க்கிறார்கள்.

இன்று கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும், கணினியின் முன்னால் அமர்ந்து, திருமண அழைப்பிதழ், கோயில் திருவிழாப் பதாகை, அரங்கேற்ற மலர், கடைத் திறப்பு விழாவுக்கான காணொளி என நாள்தோறும் காட்சிகளை அமைத்துக்கொண்டிருக்கும் தமிழ் இளைஞர்களும் யுவதிகளும் அநேகர். அவர்களுடைய கைத்திறமையை நான் மெச்சுகிறேன். கருவிகளும் வென்ட் கனவிலும் காணாதவை. ஆயினும் அவர்கள் அமைக்கும் பக்கங்களிலே பெரும்பாலானவை ஒன்றுபோலவே இருப்பதற்குக் காரணம், அவர்கள் பார்த்துப் பழகியதெல்லாம் திரையிலே வரும் மற்ற வடிவமைப்புகள் மட்டுமே என்பதுதான். வீணை பயின்ற பெண்ணுக்கு அந்த வீணைதான் மூலதனம். கோயிலிலே மாலை கட்டப் பழகிய கைக்கு நிறங்களின் அடுக்கு தெரியும். நாட்டுக்கூத்து ஆடிய குடும்பத்துப் பிள்ளைக்கு மேடையின் வெளி தெரியும். அந்த அறிவை வாசலிலேயே விட்டுவிட்டு வேலைக்கு வரவேண்டும் என்று அவர்களுக்கு யார் சொன்னது? புறக்கோட்டைச் செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் ஆடிவேல் இரதத்தை, விளக்கும் கூட்டமுமாய் எத்தனையோ கைத்தொலைபேசிகள் பதிவுசெய்கின்றன. அதன் லயத்தைப் பதிவுசெய்த படம் ஒன்றை நான் இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பிள்ளையைச் சங்கீத வகுப்புக்கும் சித்திர வகுப்புக்கும் அனுப்பிவிட்டு, பரீட்சை நெருங்கியதும் இரண்டையும் நிறுத்திவிடும் பெற்றோரிடம் ஒரு சொல். பார்ன்ஸ் பிளேஸில் ஹரி பீரிஸ் வாழ்ந்த இல்லம் இப்போது சபுமல் நிலையமாக இயங்குகிறது. 43 குரூப்பைச் சேர்ந்தவர்களின் ஓவியங்கள் அங்கே சுவர்கள் நிறைய இருக்கின்றன. ஒரு காலைப்பொழுதில் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். விளக்கம் ஏதும் சொல்லாமல் பார்க்க விடுங்கள். அடுத்த அரங்கேற்றத்துக்குக் கில்போர்ட் கிரசன்ட்டுக்குப் போகும்போது, மண்டபத்தின் பெயருக்கு உரியவர் யாரென்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.

கொழும்பிலே தமிழ் நூல்களை அச்சிடும் பதிப்பாளர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. லயனல் வென்ட்டின் வாழ்வையும் படங்களையும், அவரோடு சேர்ந்து வின்சரையும் கனகசபையையும், விரிவாகச் சொல்லும் தமிழ் நூலொன்று, நல்ல தாளில், படங்கள் பழுதின்றித் துலங்கும் அச்சில் வெளிவரவேண்டும். அம்முயற்சிக்கு முன்வருபவர் எவராயினும், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள வாசகர்கள் முன்பணம் செலுத்தி ஆதரிக்குமாறு இப்பக்கங்களின் வாயிலாக வேண்டிக்கொள்கிறேன்.